உள்ளே போகாத கவர்கள்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போடுவீர்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என் கேள்வியையும் உங்கள் பதிலையும் அவளே பேசி முடித்து வைத்துவிடுவாள். அதனால்தான் கடிதம். வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் கம்பெனி விலாசத்துக்கே அனுப்புகிறேன். அங்கே வருகிற தபாலை முதலில் கையில் வாங்குகிறவர் நீங்கள்தானே.

விஷயம் இதுதான். எட்டு வாரம் இன்டர்ன்ஷிப்புக்குச் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஏதாவது ஒரு கம்பெனியிடம் கடிதம் வாங்கி, ஏப்ரல் பதினைந்துக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு. கல்லூரி எந்த ஏற்பாடும் செய்யாது. கம்பெனிகளும் ஆள் வேண்டும் என்று எங்கேயும் விளம்பரம் போடுவதில்லை. "போர்டு மாட்டிக் கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருந்தா உக்காந்தே இருக்க வேண்டியதுதான். நீயா போய்க் கதவைத் தட்டுடி" என்று சீனியர் அக்கா ஒருத்தி சொன்னாள். முதலில் மெயில் அனுப்பிப் பார்த்தேன். முப்பத்தொரு மெயில், எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

அதனால் போன வாரம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே கிளம்பினேன். பம்பு, வால்வு, கம்ப்ரஸர் என்று ஒன்பது கம்பெனி. ஒன்பதிலும் கேட்டைத் தாண்டவில்லை. ஒவ்வொரு இடத்திலும் செக்யூரிட்டி என் விண்ணப்பக் கவரை வாங்கிக்கொண்டு, "குடுத்துட்டுப் போம்மா, கூப்பிடுவாங்க" என்றார். பாவம், எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள்.

நீங்கள் பதினோரு வருஷமாகக் கேட்டில் இருக்கிறீர்கள். உங்களைவிட இது யாருக்குத் தெரியும்? கேட்டில் கொடுத்த கவர் உள்ளே போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? நான் மறுபடி போய்க் கேட்கலாமா? கேட்டால் நச்சரிக்கிறாள் என்று கோபப்படுவார்களா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். இப்போதே ஒரு வருஷம் போய்விட்டதாக நினைத்து அழுவாள்.

சிட்டு

மார்ச் 8

அன்பு மகள் சிட்டுவுக்கு,

உன் கடிதத்தை நானே ரிஜிஸ்டரில் பதிந்து, நானே கையெழுத்துப் போட்டு, நானே வாங்கிக்கொண்டேன். பதினோரு வருஷத்தில் என் பெயருக்கு வந்த முதல் தபால். பக்கத்தில் இருந்த தோட்டக்காரர், "என்னண்ணே, சம்மனா?" என்று கேட்டார்.

முப்பத்தொரு மெயில் போட்டாயா? உன் அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. நல்லதுதான்.

கேட்டில் கொடுத்த கவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒவ்வொரு கம்பெனியிலும் அதற்கு ஒரு முறை உண்டு. வாங்குவோம், வைப்போம், அது அது போக வேண்டிய இடத்துக்குப் போகும். பெரிய இடத்தில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். நீ இரண்டு வாரம் பொறு. கட்டாயம் கூப்பிடுவார்கள். தினமும் வந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், வேலை செய்கிறவர்களுக்கு அது இடைஞ்சல். நீ அப்படிப் போய் நிற்காதே. நம் வீட்டுப் பிள்ளை யார் வாசலிலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இங்கே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன், கண்டுகொள்ளாதே. பேனா சரியில்லை.

வேளா வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே.

அப்பா

மார்ச் 25

அப்பா,

இரண்டு வாரம் பொறுத்தேன். அதற்கு மேலும் மூன்று நாள் பொறுத்தேன். ஒரு போன்கூட வரவில்லை.

என் அறையில் இருக்கிற நெட்டையை உங்களுக்குத் தெரியும், போன லீவுக்கு நம் வீட்டுக்கு வந்து கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டாளே, அவள்தான். அவளும் என்னோடு அதே ஒன்பது இடத்தில் கவர் கொடுத்தாள். நான் மரியாதையாக அறையில் உட்கார்ந்திருந்தேன். அவள் அப்படி இல்லை. ஒரு வால்வு கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் ஐந்து நாள் போய் நின்றாள். டீ குடிக்க வெளியே வந்த இன்ஜினியர் ஒருவரைப் பிடித்து, தன் வரைபடத்தைக் காட்டி, பத்து நிமிஷம் பேசினாள். அவர் கையோடு உள்ளே கூட்டிப் போனார். மறுநாள் கடிதம் கிடைத்துவிட்டது. அங்கே ஒரே ஒரு இடம்தானாம். நானும் கூடப் போயிருக்கலாம். அவள் கூப்பிட்டாள். "எங்கப்பா கேட்லதான் இருக்காரு, அவருக்குத் தெரியும். அப்படிப் போய் நிக்கக் கூடாதாம்" என்று அவளுக்கு நான் புத்தி சொன்னேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்தக் கம்பெனி செக்யூரிட்டியே அவளிடம், "கேட்ல குடுக்கிறது எதுவும் உள்ள போகாதும்மா, அது இங்கயேதான் கிடக்கும்" என்றாராம்.

அது அந்தக் கம்பெனியில் மட்டும்தானே, அப்பா? உங்கள் கம்பெனியில் அப்படி இல்லையே?

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேராகப் பதில் எழுதுங்கள்.

சிட்டு

மார்ச் 29

சிட்டு,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான். உள்ளே போகாது.

நான் வேலைக்குச் சேர்ந்த மாதம் ஒரு பையன் இப்படித்தான் கவரோடு வந்தான். நானே எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். இரண்டாவது ஆள் வந்தான், அதையும் கொண்டுபோனேன். மூன்றாவது தரம் நாலு பேர் முன்னால் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "விளம்பரம் குடுக்கலைன்னா ஆள் வேண்டாம்னு அர்த்தம். உனக்கு இது புரியாதா? நீ கேட் பாக்க வந்தியா, சிபாரிசு பண்ண வந்தியா?" என்றார். அன்றிலிருந்து கவர்கள் என் மேஜை டிராயரோடு சரி. டிராயர் நிறைந்தால் பழைய காகிதக்காரனுக்குப் போகும்.

அப்படியானால் எதற்கு வாங்குகிறீர்கள் என்று நீ கேட்பாய். "இங்க எடுக்க மாட்டாங்கப்பா, வேற இடம் பாரு" என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பிள்ளைகளின் முகம் விழுந்துவிடும். அதை என்னால் பார்க்க முடியவில்லை. வாங்கிக்கொண்டு, "ரெண்டு வாரத்துல கூப்பிடுவாங்க" என்றால் சிரித்துக்கொண்டே போவார்கள். சிலர், "ரொம்ப நன்றி அங்கிள்" என்பார்கள். நல்ல மனுஷன் என்று பெயர் வாங்க எனக்கு அது போதுமாக இருந்தது. இதுதான் உண்மை.

இரண்டு வாரம் என்று உனக்கு ஏன் எழுதினேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். எந்தக் கணக்கும் இல்லை, எல்லோரிடமும் சொல்கிற அதையேதான் உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். போகாது என்று எழுதினால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய், நான் இதையெல்லாம் சொல்ல வேண்டிவரும். பெற்ற பிள்ளையிடம் சொல்லக் கூசியது. நான் கூசியதற்கு நீ இரண்டு வாரம் இழந்துவிட்டாய்.

என்னை எது வேண்டுமானாலும் சொல். ஆனால் இனி காத்திருக்காதே. டீக்கடை என்றாலும் சரி, கார் நிற்கிற இடம் என்றாலும் சரி, போய் நில். கேட்டில் யார் என்ன சொன்னாலும் நம்பாதே.

அப்பா

ஏப்ரல் 2

அப்பா,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் வருத்தப்படுவீர்கள் என்பதற்காகவே எழுதுகிறேன். சாப்பிடவில்லை.

கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு கம்ப்ரஸர் கம்பெனிக்குப் போனேன். என் கவரைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அந்தப் பெரியவர் தேடவே இல்லை. மேஜைமேல் டீ டம்ளருக்கு அடியில் இருந்தது. எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். டம்ளர் வைத்த வட்டம் என் பெயருக்கு மேலேயே விழுந்திருந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, கத்திவிட்டேன். "தெரிஞ்சேதான பண்றீங்க? ஒருத்தர் வாழ்க்கையை டம்ளருக்கு அடியில வச்சிருக்கீங்க. உங்க வீட்ல படிக்கிற பிள்ளைங்க இல்லையா?" என்றேன். லாரிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றுவிட்டார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இருக்காங்கம்மா" என்றார். உங்கள் வயதுதான் இருக்கும். பின்னங்கழுத்தில் உங்களுக்கு இருக்கிற மாதிரியே வெயில் பட்டுக் கறுத்திருந்தது.

உங்களைத் திட்ட வேண்டியதை அவரிடம் திட்டிவிட்டு வந்தேன். பாதி வழியில் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. போகவில்லை. உங்கள் மேலிருந்த கோபம் அப்போது இன்னும் தீரவில்லை.

அப்பா, நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இப்போது, இந்த நிமிஷம், உங்கள் டிராயரில் எத்தனை கவர் இருக்கிறது?

சிட்டு

ஏப்ரல் 8

சிட்டு,

பத்தொன்பது.

உன் கடிதம் வருகிறவரை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிய பிறகு டிராயரை மூட முடியவில்லை.

மேனேஜரிடம் போனால் மறுபடி காகிதக்காரனுக்குத்தான் போகும். அதனால் ப்ரொடக்ஷன் மேடத்திடம் போனேன். மெஷின்கள் எல்லாம் அவர் பொறுப்பு. கேட்டில் ஒரு சல்யூட், அவர் ஒரு தலையசைப்பு, இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். பத்தொன்பதையும் அவர் மேஜையில் வைத்தேன். பிரித்துப் படித்தார். தேதிகளைப் பார்த்தார்.

"இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. இத்தனை நாள் எங்க இருந்துச்சு?"

"என் டிராயர்ல மேடம்."

"யாரு உள்ள அனுப்ப வேண்டாம்னு சொன்னது?"

மேனேஜர் பெயரைச் சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் வாங்கிக்கொண்டு பொய் சொல்லி அனுப்பு என்று அவர் சொல்லவில்லையே. அது என் சொந்தச் சரக்கு. "வாங்கி வச்சது நான்தான் மேடம்" என்றேன். அவர் கவர்களை என் பக்கம் தள்ளினார். பிறகு, "எனக்கு வர்ற மாசம் ரெண்டு பேரை எடுத்துக்க முடியும். எல்லாருக்கும் போன் போட்டுக் கேளுங்க. நீங்க பூட்டினது, நீங்களே திறங்க" என்றார்.

அவர் அறையிலேயே ஒரு ஓரத்தில் உட்கார்ந்து போட்டேன். ஏழு நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒன்பது பேர் வேறு எங்கோ பார்த்து முடித்துவிட்டார்கள். அவர்களில் ஒரு பெண், நான் யார் என்று சொன்னதும், வேறு இடம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இரண்டு பேர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள், வருகிறோம் என்றார்கள். ஒருத்தி போனிலேயே அழுதாள்.

கணக்குப் பார்த்தால் ஒருவன் மிச்சம் என்று உனக்குத் தெரியும். அவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்தவன். வேறெங்கும் கிடைக்காமல் வருஷம் போய், படிப்பை நிறுத்திவிட்டு, இப்போது பார்சல் ஆபீஸில் மூட்டைக்கு நம்பர் எழுதுகிறானாம். நான் யார், எதற்குக் கூப்பிடுகிறேன், கவர் எங்கே இருந்தது, எல்லாம் சொன்னேன். "பரவாயில்ல சார்" என்றான். "நீங்க ரெண்டு வாரம்னு சொன்னீங்க. நான் ரெண்டு மாசம் பாத்தேன் சார். போன்ல சார்ஜ் எறங்காம பாத்துக்கிட்டேன்" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். அவன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கலாம்.

இனிமேல் எழுதப் போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நான் எழுந்து கிளம்பும்போது மேடம், "திடீர்னு ஏன் இப்போ? உங்க வீட்ல யாராவது தேடுறாங்களா?" என்று கேட்டார். பொண்ணு தேடுறா என்றேன். அவர் உடனே, "அப்போ அவளையும் வரச் சொல்லுங்களேன். மூணாவது ஆளா எப்படியாவது பாக்கலாம்" என்றார். சிட்டு, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவளுக்குக் கிடைச்சிருச்சு மேடம்" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த பார்சல் ஆபீஸ் பையனோடு பேசி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் வருஷத்தைத் தின்றுவிட்டு அதே அறையில் நின்று என் பிள்ளைக்கு இடம் கேட்க எந்த முகத்தோடு முடியும்? பத்தொன்பது பேரைப் பூட்டி வைத்தவனுடைய பெண் என்று அவர் உன்னைப் பார்ப்பாரே என்றும் இருந்தது. ஆனால் இதெல்லாம் வெளியே வந்த பிறகு நான் கண்டுபிடித்த காரணங்கள். திரும்பிப் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு நாள் அந்தக் கதவு வரை போய் வந்தேன். உள்ளே போக முடியவில்லை. உன்னை இரண்டாம் தரமும் நானே கெடுத்தேன்.

மேனேஜருக்கு விஷயம் போய், என்னைப் பின்பக்கக் கேட்டுக்கு மாற்றிவிட்டார். இரும்பு லாரிகள் மட்டும் வரும். கவரோடு யாரும் வர மாட்டார்கள்.

அப்பா

ஏப்ரல் 13

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பத்தாம் தேதி வந்தது. படித்துவிட்டு அதை நெட்டையிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "உங்கப்பா நல்லவரா கெட்டவரா, எனக்கே தெரியலடி" என்றாள். எனக்கும் தெரியவில்லை. கிடைச்சிருச்சு என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? கிடைக்காதவள் நான். உங்கள் வெட்கத்துக்கு ஒவ்வொரு தரமும் என் வருஷத்தையா எடுத்துக் கொடுப்பீர்கள்?

அந்த மேடத்துக்கு நானே போன் செய்யலாம் என்று நம்பர்கூடத் தேடி எடுத்தேன். செய்தால் நீங்கள் பொய் சொன்னது தெரிந்துவிடும். போனை வைத்துவிட்டேன். உங்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பொய்யில் எனக்கும் அவமானமாக இருந்தது.

மறுநாள் கேட் உள்ள கம்பெனி எதற்கும் போகவில்லை. தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னச் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. வாசலே கிடையாது, தெருவிலிருந்து நேராக லேத் மெஷின்தான். ஏழாவது பட்டறையில் ஒருவர் பெரிய பம்பு ஒன்றுக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்தே நான் யார், என்ன படிக்கிறேன், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நாங்க விளம்பரம் எதுவும் குடுக்கலையே?" என்றார். "தெரியும் சார், யாருமே குடுக்கறதில்ல" என்றேன். சிரித்தார். பம்பு ஏன் அதிருகிறது என்று கேட்டார். தண்டு கோணலாக இருக்கலாம் அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம், கழற்றாமல் சொல்ல முடியாது என்றேன். "அப்போ கழட்டு" என்றார். மூன்று மணி நேரம் கழற்றினேன். பேரிங்தான்.

கடிதம் எழுத அவருக்கு வராதாம். நானே எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். இன்று காலை கல்லூரியில் கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் சேர வேண்டும். நீங்கள் மேடத்திடம் சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது. அதற்காக அன்றைக்கு நீங்கள் சொன்னது பொய் இல்லை என்று ஆகாது.

ஆனால் உங்களை ரொம்பவும் கேட்க எனக்கும் வாய் இல்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவர், "அப்பா என்னம்மா பண்றாரு?" என்று கேட்டார். "ஒரு கம்பெனில அட்மின்ல இருக்கார் சார்" என்றேன். இது முதல் தரம் இல்லை, அப்பா. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்லி வருகிறேன். நெட்டையைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்கள் வேலையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கம்ப்ரஸர் கம்பெனிப் பெரியவரைப் பார்த்து வீட்ல பிள்ளைங்க இல்லையா என்று கத்தினேனே, அந்தப் பிள்ளை எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு அப்பா அட்மினில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இன்டர்ன்ஷிப் போகப் பெற்றோர் சம்மதம். கல்லூரிக்கு ஒன்று, பட்டறைக்கு ஒரு நகல் போகும். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், தந்தையின் தொழில் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். என்ன எழுதுகிறீர்களோ அதையே இனி நானும் எல்லோரிடமும் சொல்வேன்.

சிட்டு

ஏப்ரல் 19

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் பின்பக்கக் கேட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பேரிங் என்று படித்ததும் பக்கத்தில் நின்ற லாரி டிரைவரிடம், "என் பொண்ணு பம்பைக் கழட்டிட்டா" என்று சொல்லிவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, "சரி பண்ணிக் குடுத்துடலாம் விடுங்க" என்றார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மேடத்திடமும் போனேன். அன்றைக்குச் சொன்னது பொய், என் பெண்ணுக்கு அப்போது எங்கும் கிடைத்திருக்கவில்லை என்றேன். "அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். "சரி, போங்க" என்றார். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய், பார்சல் ஆபீஸ் பையனை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். படிப்பை விட்டவனை இன்டர்ன்ஷிப்பில் எடுக்க முடியாதாம், விதி அனுமதிக்காதாம். அவனுக்குப் போன் போட்டு அதையும் சொன்னேன். பொய்யாக ஒரு நல்ல வார்த்தை சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "சொன்னதுக்கு நன்றி சார்" என்று வைத்துவிட்டான்.

நீ அட்மின் என்று சொன்னதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பிள்ளைகள் அப்படிச் சொல்வது உண்டு. நானும் உன் பள்ளிக்கூடத்துக்கு வரும்போது யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டுதான் வருவேன், உனக்குத் தெரியாது.

படிவத்தை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில், கேட் செக்யூரிட்டி என்று எழுதியிருக்கிறேன். அதை எழுத நான் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை, நீயும் தைரியமாகச் சொல். அந்தக் கேட்டில் நின்றுகொண்டு நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் அந்தப் படிவத்தில் இடமில்லை.

அப்பா